நூற்றுக்குப் பதினாலு

காத்தாடிமலைத் தோட்டத்தில் யாருக்குச் சம்பளத் துண்டு வந்தாலும் அது ஒரு தடவை ஜீவராஜின் கைக்குப் போய்விட்டுத்தான் வீடு போகும். மாதம் பத்தாம் தேதி சாயங்காலம் அவன் லயத்து வீட்டு வாசலில் நாலு பேராவது நிற்பார்கள்.

"அண்ணே, இந்தத் தடவ கூடக் கழிச்சிருக்கானுங்க போல. கொஞ்சம் பாருங்களேன்."

அவன் பென்சில் எடுக்க மாட்டான். துண்டை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் முணுமுணுப்பான்.

"முப்பத்து மூவாயிரத்து எழுநூத்தம்பது. நூத்துக்குப் பத்துன்னா மூவாயிரத்து முன்னூத்து எழுபத்தஞ்சு. ஈபிஎப்புக்கு நம்மகிட்ட புடிக்கிறது எட்டுதான். அப்போ அதுல அஞ்சுல ஒரு பங்கத் தள்ளிரு. ரெண்டாயிரத்து எழுநூறு. சரியாத்தான் புடிச்சிருக்காங்க, போ."

வந்தவர்களுக்கு அது போதும். ஜீவராஜ் அண்ணன் சரி என்று சொல்லிவிட்டால் சரிதான்.

அவன் படித்தது எட்டாம் வகுப்பு. வீதக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்களா என்பதே அவனுக்கு நினைவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில்தான் அதைப் பிடித்துக்கொண்டான். தோட்டத்தில் தொழிற்சாலையை ஸ்டோரு என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் ஸ்டோருக்கு வேலைக்குப் போனபோது, உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு கரும்பலகை தொங்கியது. நேற்று வந்த கொழுந்து எத்தனை கிலோ, அதில் தூள் எத்தனை கிலோ, நூற்றுக்கு எத்தனை என்று தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயா தினமும் காலையில் சோக்கால் எழுதுவார். நூறு கிலோ பச்சைக் கொழுந்து வாடி, உருண்டு, காய்ந்து வெளியே வரும்போது இருபத்தொன்று, இருபத்திரண்டு கிலோ தூளாகத்தான் வரும். ஜீவராஜ் மாதக்கணக்காக அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனான். ஒரு நாள் டீமேக்கர் ஐயா மூன்றாவது எண்ணை எழுதுவதற்குள் அவன் மனதில் அது வந்துவிட்டது. அன்றைக்கு அவனுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னாலும் இதில் என்ன சந்தோஷம் என்று கேட்டிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவனால் எந்த எண்ணையும் சும்மா விட முடியவில்லை. தீபாவளிக்குத் துணி எடுக்க ஹட்டனுக்குப் போனால், மனைவி நாகலெட்சுமி சேலையைப் பார்ப்பாள், அவன் விலை அட்டையைப் பார்ப்பான். ஒரு கடையில் ஐம்பது வீதம் கழிவு, அதற்கு மேலும் இருபது வீதம் கழிவு என்று எழுதியிருந்தது. கூட வந்த பெண்கள் எழுபது வீதம் குறைகிறது என்று முண்டியடித்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

"எழுபது இல்லங்கடி," என்றான் ஜீவராஜ். "அம்பது போனப்புறம் மிச்சம் இருக்கிறதுலதான் இருபது. ஆயிரம் ரூவா சேல நானூறு ரூவா. முன்னூறு இல்ல. எத்தன வீதம்னு கேக்கறதுக்கு முன்னாடி, எதுல வீதம்னு கேளுங்க."

நாகலெட்சுமிக்குக் கடைக்காரர் முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. "சும்மா இருங்களேன், ஆளுங்க பாக்கறாங்க," என்று முழங்கையால் இடித்தாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் தங்கச்சிக்கு போன் போட்டு அதே கணக்கைத் தன் கணக்குப் போலச் சொன்னாள்.

வீதக் கணக்கில் அவனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அது ஆள் பார்க்காது. துரைக்கும் எட்டு வீதம், கூட்டிப் பெருக்குகிறவனுக்கும் எட்டு வீதம். தோட்டத்தில் மற்ற எல்லாமே முகம் பார்த்து நடக்கும்போது இது ஒன்றாவது நேராக இருக்கிறதே என்று நினைப்பான்.

அவனுக்கு நாற்பத்து நான்கு வயதானபோது விரல்கள் போயின.

சித்திரை கழிந்து மழை விழுந்து, கொழுந்து குவிந்து வருகிற காலம் அது. லொறிக்கு மேல் லொறியாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஜீவராஜ் உருட்டும் பகுதியில் இரண்டாவது ஷிப்டு வேலையில் நின்றான். உருண்ட கொழுந்தைச் சலிக்கிற மெஷினுக்கு மேலே கொண்டுபோகும் பெல்ட்டின் ஓரத்தில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. அதற்கு ஒரு தகர மூடி உண்டு. மூடியின் பூட்டு உடைந்து, அதைக் கழற்றிச் சுவரோரமாகச் சாத்தி வைத்து ஒன்பது நாட்களாகியிருந்தன. சக்கரத்தருகே கொழுந்து அடைத்துக்கொண்டது. வழக்கமாகச் செய்கிற மாதிரிக் கையால் தட்டிவிட்டான். பிறகு கையை இழுத்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலில் இரண்டு கணுவும் கையோடு வரவில்லை.

வலிக்கு முன்னால் அவனுக்குத் தோன்றியது, கொழுந்தில் ரத்தம் கலந்துவிட்டதே, இந்தச் சுற்றுத் தூள் முழுக்க வீணாகிவிடுமே என்பதுதான். பிறகு யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் நடந்தது அவனுக்குச் சரியாகத் தெரியாது.

நாகலெட்சுமி அப்போது மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கொழுந்து ஏற்ற வந்த லொறிக்காரன்தான் சொன்னான். கூடையை நிறுக்காமலே போட்டுவிட்டு இறங்கி ஓடினாள். அன்றைக்கு அவளுக்கு அரைப் பேர்தான் விழுந்தது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்கு ஒரு பேர் என்று சொல்வார்கள். எடுத்த கொழுந்து போதவில்லையென்றால் அரைப் பேர்.

ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். பிறகு வீட்டில் மூன்று மாதம். ஒவ்வொரு மாதமும் ஆபீஸிலிருந்து பதினையாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். முதல் தடவை கிளாக்கர் ஐயா ஒரு தாளை நீட்டியபோது வலது கை கட்டுக்குள் இருந்தது. இடது கைப் பெருவிரலை உருட்டி வைத்தான். அது பாதிச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டான். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. ஊர்ச் சம்பளத் துண்டையெல்லாம் படித்தவன் அந்தத் தாளைப் படிக்கவில்லை.

பதினையாயிரத்தில் வீடு ஓடவில்லை. மகள் தனுஜா உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். டியூஷன், பஸ், மருந்து, வாரத்துக்கு ஒரு தடவை கட்டுப் பிரிக்கப் போகிற செலவு என்று வந்துகொண்டே இருந்தது. ஆடி பிறந்ததும் நாகலெட்சுமி கழுத்துச் சங்கிலியைக் கழற்றினாள். ஹட்டனில் ஓர் அடகுக் கடையில் எண்பதாயிரம் கொடுத்தார்கள். மாதம் நூற்றுக்கு இரண்டு.

"அப்படின்னா எவ்வளவுங்க?" என்றாள் அவள், கடைப்படியில் இறங்கும்போது.

"மாசம் ஆயிரத்து அறுநூறு."

"ஆயிரத்து அறுநூறுதானா," என்று அவள் மூச்சு விட்டாள். வருஷத்துக்கு நூற்றுக்கு இருபத்து நாலு என்று அவன் மனதில் ஓடியது.

ஆவணி பிறந்து சில நாளில் வேலைக்குத் திரும்பினான். பெல்ட்டின் ஓரத்தில் புது மூடி மாட்டியிருந்தது. பச்சை வர்ணம்கூட அடித்திருந்தார்கள். "இது எவ்வளவு வந்துச்சு?" என்று மெஷின் பழுது பார்க்கும் பிட்டரிடம் கேட்டான். அவன் தலையைச் சொறிந்துகொண்டே, "பதினோராயிரத்து ஐநூறுண்ணே," என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்கிற மாதிரிப் பார்த்தான்.

உருட்டும் பகுதியில் அவனை நிறுத்தவில்லை. டீமேக்கர் ஐயா நல்ல மனுஷன். "கை ஆறட்டும் ஜீவராஜ். மெதுவான வேலையாத் தாறேன்," என்றார். மெதுவான வேலை என்றால் கூட்டுவது, சாக்குகளை எண்ணி அடுக்குவது. பேர் அதே பேர்தான், குறைக்கவில்லை. ஆனால் ஓ.டி. கிடையாது. முன்பெல்லாம் கொழுந்து குவியும்போது இரவு ஷிப்டும் சேர்த்துச் செய்வான். வருஷம் முழுக்கச் சராசரி பார்த்தால் மாதம் ஐம்பத்திரண்டாயிரம் வரும். இப்போது துண்டில் இருந்தது முப்பத்து மூவாயிரத்து எழுநூற்றைம்பது.

அந்தப் பத்தாம் தேதி சாயங்காலம் யாரும் துண்டு கொண்டுவரவில்லை. அவன் கை இருந்த நிலையைப் பார்த்து ஜனங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். தன்னுடைய துண்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குறைந்தது பதினெட்டாயிரத்து இருநூற்றைம்பது. ஐம்பத்திரண்டாயிரத்தில் பத்து வீதம் ஐயாயிரத்து இருநூறு. முப்பது வீதம் பதினையாயிரத்து அறுநூறு. அஞ்சு வீதம் இரண்டாயிரத்து அறுநூறு. கூட்டினால் பதினெட்டாயிரத்து இருநூறு. ஐம்பது ரூபாய்தான் மிச்சம்.

"முப்பத்தஞ்சு," என்றான் உரக்க.

"என்னாப்பா?" என்று தனுஜா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்ல. நீ படி."

நட்டஈட்டுக்கு எழுதிப் போடச் சொன்னது தனுஜாதான். ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தர்ஷன் என்கிற பையன் படிவம் நிரப்பிக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். முப்பது வயது இருக்கும். அவன் அப்பாவும் பக்கத்துத் தோட்டத்தில் வேலை செய்தவர்தான். சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதத் தெரியும். எந்தக் காரியாலயத்தில் எந்த ஜன்னலில் கேட்க வேண்டும் என்பதும் தெரியும்.

"இப்ப ஒண்ணும் தர வேணாம்ணே," என்றான் தர்ஷன். "காசு கெடச்சா நூத்துக்குப் பத்து குடுங்க. கெடைக்கலன்னா விட்டுருங்க."

ஜீவராஜுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. தர்ஷனும் ஏமாற்றவில்லை. மூன்று தடவை தன் செலவில் கூடவே வந்தான். வரிசையில் நின்றான். தொலைந்துபோன கோப்பை ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து தேட வைத்தான்.

கார்த்திகையில் டொக்டர்மாரிடம் கை காட்டப் போனார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் டொக்டர் விரல் மிச்சத்தை மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், ஒரு பேனையைப் பிடிக்கச் சொன்னார். ஒரு சின்ன அளவுகோலை வைத்து அளந்தார். பிறகு ஒரு அட்டவணையைப் பார்த்து எதையோ கூட்டி எழுதினார்.

"சியயட்ட தாஹதரய்," என்றார் பக்கத்திலிருந்த நர்ஸிடம்.

ஜீவராஜுக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். நூற்றுக்குப் பதினாலு.

வெளியே வந்து தர்ஷனிடம் கேட்டான். "எதுல பதினாலு?"

"ஒங்கள்லதாண்ணே," என்றான் தர்ஷன். "முழு ஆளு நூறு. அதுல ஒங்களுக்குப் பதினாலு போயிருச்சுன்னு எழுதியிருக்காங்க."

பஸ்ஸில் வரும்போது ஜீவராஜ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டே வந்தான். மிச்சம் எண்பத்தாறு. அந்த எண்பத்தாறில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. சோற்றைப் பிசைந்தால் விரலிடுக்கில் வழிந்தது. பீடி பற்ற வைப்பதை விட்டுவிட்டான், அது மட்டும் லாபம்.

மாசி மாதம் நட்டஈட்டு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஒரு நீளமான மேசை. ஒரு பக்கம் தோட்டத்திலிருந்து வந்த கிளாக்கர் ஐயா, கோப்போடு. நடுவில் அதிகாரி, வழுக்கை விழுந்த, களைத்த முகம். அவர் சிங்களத்தில் பேசினார். பிரியந்தி என்ற ஒரு பெண் தமிழில் சொன்னாள்.

"உங்கட சம்பளத்துக்கு முழு ஊனத்துக்குரிய தொகை பன்னிரண்டு லட்சம். அதில் பதினாலு வீதம், ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். சம்மதமா என்று ஐயா கேட்கிறார்."

பக்கத்தில் இருந்த தர்ஷன் மெதுவாக, "சம்மதம்னு சொல்லுங்கண்ணே," என்றான்.

ஜீவராஜ் எழுந்து நின்றான். ஒரு வாரமாக மனதில் ஓட்டிப் பார்த்திருந்த பேச்சு இது. சந்தையில் சரளமாக வருகிற சிங்களம் அந்த அறையில் வரவில்லை. தமிழிலேயே சொன்னான்.

"ஐயா, நான் எட்டாவதுதான் படிச்சேன். ஆனா இந்தக் கணக்கு எனக்குத் தெரியுங்க. போன வருஷம் என் சம்பளம் ஓ.டி. சேத்து ஐம்பத்திரண்டாயிரம். இப்போ முப்பத்து மூவாயிரத்து எழுநூத்தம்பது. துண்டு எல்லாம் இருக்கு, பாருங்க. நூத்துக்கு முப்பத்தஞ்சு கொறஞ்சிருக்கு. கைல போனது பதினாலா இருக்கலாம். பொழப்புல போனது முப்பத்தஞ்சுங்க. அப்படிப் பாத்தா நாலு லட்சத்து இருபதாயிரம் வரணும்."

பிரியந்தி அதை வரிக்கு வரி சொன்னாள். எண்களைச் சொல்லும்போது கொஞ்சம் நின்று சரிபார்த்துச் சொன்னாள். கிளாக்கர் ஐயா கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி துண்டுகளைக் கேட்டு வாங்கினார். மேசை லாச்சியிலிருந்து ஒரு கல்குலேட்டரை எடுத்துத் தட்டினார். ஜீவராஜ் அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவருக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து ஓடின.

"ஹரி," என்றார் அவர். கணக்கு சரி. முப்பத்தைந்து புள்ளி பூச்சியம் ஒன்பது.

ஜீவராஜ் தர்ஷனைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு அவர் நிறைய நேரம் பேசினார். குரலில் கடுமை இல்லை. பிரியந்தி கேட்டு முடித்து, ஜீவராஜைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்கள் சொல்லும் கணக்கு சரிதானாம். ஆனால் அட்டவணை கேட்பது எந்த விரல், எந்தக் கணு வரைக்கும் என்று மட்டும்தானாம். ஓ.டி. போனதை எழுத அதில் இடமில்லையாம். தோட்டம் உங்களை வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை, பேரைக் குறைக்கவும் இல்லை. அவர் நினைத்தாலும் பதினாலைப் பதினைந்தாக்க முடியாதாம். மேலே எழுதிப் போடலாம். ஆனால் இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதுவரைக்கும் இந்தக் காசும் வராது என்கிறார்."

அதிகாரி ஜீவராஜைப் பார்த்துத் தமிழில் ஒரே ஒரு வரி சொன்னார். "என்ன செய்யிறது?"

ஜீவராஜ் நின்றுகொண்டே இருந்தான். அவர் ஏதாவது தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பான். கூட்டலில் பிழை, பெருக்கலில் பிழை என்று ஒன்றைக் காட்டியிருப்பான். பன்னிரண்டு லட்சத்தில் பத்து வீதம் ஒரு லட்சத்து இருபதாயிரம். நாலு வீதம் நாற்பத்தெட்டாயிரம். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் சரியாகத்தான் இருந்தது.

"சம்மதங்க," என்றான்.

அப்போதுதான் கிளாக்கர் ஐயா கோப்பிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பெருவிரல் ரேகை வைத்த தாள். மூன்று மாதம் கொடுத்த நாற்பத்தையாயிரமும் முற்பணம், நட்டஈட்டில் கழித்துக்கொள்ளப்படும் என்று எழுதியிருந்தது. கழித்தால் ஒரு லட்சத்து இருபத்து மூவாயிரம். கிளாக்கர் ஐயா வெளியே வந்து, "நான் என்ன செய்ய ஜீவராஜ், எழுதியிருக்கிறதுதானே," என்றார். அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர்தான்.

காசோலை பங்குனிக் கடைசியில் வந்தது. வங்கியில் போட்ட மறுநாளிலிருந்து சித்திரை வருஷப்பிறப்பு விடுமுறை. விடுமுறை கழிந்து காசை எடுத்துக்கொண்டு நேராகத் தர்ஷன் கடைக்குப் போனான். பன்னிரண்டாயிரத்து முன்னூறைத் தனியாக எண்ணிச் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

தர்ஷன் எண்ணிப் பார்த்துவிட்டுத் தயங்கினான். "அண்ணே, பதினாறாயிரத்து எண்ணூறு வரணுமே."

"எதுல பத்து வீதம்?"

"தீர்ப்பான தொகையிலண்ணே. ஒரு லட்சத்து அறுபத்தெட்டு."

"என் கைக்கு வந்தது ஒரு லட்சத்து இருபத்து மூணுதானே, தம்பி."

"அந்த நாப்பத்தஞ்சும் ஒங்க கைக்கு வந்ததுதானேண்ணே. முன்னாடியே வந்துருச்சு." தர்ஷன் மெதுவாகத்தான் சொன்னான். "சாப்பிட்டுத் தீத்துட்டோம்கிறதுக்காக வரலன்னு சொல்ல முடியுமா?"

இதே கேள்வியை லயத்தில் வேறு யாராவது கொண்டுவந்து நீட்டியிருந்தால், தர்ஷன் சொன்னதைத்தான் ஜீவராஜும் சொல்லியிருப்பான். எதுல வீதம் என்று முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். அவன் கேட்கவில்லை. மீதி நாலாயிரத்து ஐநூறை எண்ணி வைத்தான். ஆள்காட்டி விரல் இல்லாமல் நோட்டு எண்ணுவதற்கு நேரம் பிடித்தது. தர்ஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். பிறகு பக்கத்துக் கடையிலிருந்து இரண்டு பிளேன் டீயும் பணிசும் வாங்கி வந்தான். இரண்டு பேரும் பணிசைத் தேநீரில் தோய்த்துத் தின்றார்கள்.

நாகலெட்சுமி அடகுக் கடை வாசலில் காத்திருந்தாள். உள்ளே போனார்கள். ஒன்பது மாதம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"பத்தாவது மாசம் பொறந்துருச்சு," என்றார் கடைக்காரர். "பத்து மாச வட்டி. நூத்துக்கு இருபது. தொண்ணூத்தாறாயிரம்."

"மூணு நாளுதானேங்க," என்றாள் நாகலெட்சுமி. "பேங்கு மூடிக் கெடந்துச்சுங்க. வருஷப்பொறப்பு."

"எனக்கும்தாம்மா வருஷப்பொறப்பு. எல்லாருக்கும் இதான் கணக்கு. ரசீதுல போட்டிருக்கு, பாருங்க."

அவள் திரும்பி ஜீவராஜைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லுவான் என்று எதிர்பார்த்த பார்வை. ஊருக்கே கணக்குச் சொல்லுகிறவன். ஜீவராஜ் ரசீதை வாங்கி, பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் முழு மாதம் என்று அதில் இருந்தது.

"குடுத்துரு," என்றான்.

ஒரு லட்சத்து ஆறாயிரத்து இருநூறில் தொண்ணூற்றாறாயிரம் போய், பத்தாயிரத்து இருநூறு மிஞ்சியது. அதில் ஆறாயிரம் மளிகைக் கடைக்கு. சங்கிலியைக் கடைக்காரர் சின்னக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். நாகலெட்சுமி அங்கேயே பிரித்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். கொக்கியை மாட்ட ஜீவராஜால் முடியவில்லை. கடையில் நின்ற வேறொரு பெண் மாட்டிவிட்டாள்.

பஸ் மல்லியப்பூ வளைவெல்லாம் தாண்டி மேலே ஏறிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள். "இதத் திரும்ப வைக்காம எத்தன மாசம் தாக்குப் புடிப்போங்க?"

மாதம் எட்டாயிரம் துண்டு விழுகிறது. கையில் நாலாயிரத்து இருநூறு. கடைக்காரன் ஒரு மாதம் பொறுப்பான், இரண்டு மாதம் பொறுப்பான். விடை அவனிடம் இருந்தது. அவள் கேட்டு முடிப்பதற்கு முன்னாலேயே இருந்தது.

"பாப்போம்," என்றான்.

அவள் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

தனுஜா பரீட்சையில் மூன்று பாடத்திலும் சித்தியடைந்திருந்தாள். பல்கலைக்கழகத்துக்குப் போதுமான புள்ளி இல்லை. ஆனி மாதம் கொழும்பில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போனாள். அனுப்பி வைக்கப் போர்டிங் முற்பணம், பெட்டி, நாலு உடுப்பு. கூட்டிப்போன பெண் முதல் மாதச் சம்பளத்தில் பாதி தனக்கு என்று சொல்லியிருந்தாள். ஜீவராஜ் ஸ்டேஷனில் மகளிடம், "பாதின்னா எதுல பாதின்னு கேட்டியா? கழிச்சப்புறமா, முன்னாடியா?" என்றான்.

"கேட்டேம்ப்பா," என்றாள் தனுஜா. "முன்னாடிதானாம்." ரயில் வந்துவிட்டது.

ஒரு நாள் வேலையிலிருந்து வந்தபோது நாகலெட்சுமியின் கழுத்து வெறுமையாக இருந்தது. அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அவளே சொன்னாள்.

"காலைல போய் வச்சுட்டு வந்துட்டேன். அரைப் பேரு போச்சு."

"என்னயக் கூப்பிட்டிருக்கலாமே."

அவள் மாவை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"நீங்க வந்தா அங்கன நின்னு கணக்குப் பாப்பீங்க," என்றாள். "வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பாப்பீங்க. எல்லாம் சரியாத்தான் இருக்கும். அப்புறம் பேசாம நிப்பீங்க. எனக்கு அதப் பாத்துக்கிட்டு நிக்க முடியலங்க."

ஜீவராஜ் வாசலுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினான். இடது கையால் கயிற்றை அவிழ்க்கப் பழகியிருந்தான். உள்ளே அவள் ரொட்டியைத் திருப்பிப் போடும் சத்தம் கேட்டது. எத்தனை வீதம் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்காமல் உள்ளே போய்த் தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.